ஷாம்பெய்ன்-அர்பானாவில் முதுநிலை மாணவிக்குக் கார் தேவையா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

நடத்துநர்மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்ட் மாதம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில், சிவில் பொறியியல் துறையின் போக்குவரத்துப் பிரிவில் முதுநிலைப் படிப்புக்குச் சேர இருக்கிறேன். போக்குவரத்தைப் படிக்கப் போகிறவளுக்கே தன் போக்குவரத்துக்கு வழி தெரியவில்லையா என்று நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு ஊர் கோவில்பட்டி. அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பது ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்விக்கடன், விசா, தடுப்பூசி என்று வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் போதெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: "அங்கே கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது இரண்டு வீடுகள் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்று வளாகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், என் பங்கு வாடகை மாதம் 730 டாலர். மற்றொன்று ஷாம்பெய்னின் தென்மேற்கு ஓரத்தில், 510 டாலர். இரண்டாவதை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்று அங்கே வீடு பகிரப் போகும் தோழி சொல்கிறாள். எனக்கு இந்திய ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஆனால் கோவில்பட்டி புறவழிச்சாலையைத் தாண்டி நான் கார் ஓட்டியதில்லை. முன்பே அங்கே சென்றவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடக்குநாற்கட்டு

வாழ்த்துகள் தங்கையே. நான் அதே வளாகத்தில் ஐந்தாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவன். இங்கே வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் கேட்க மறக்கும் கேள்வியைத்தான் உங்கள் தந்தை கேட்டிருக்கிறார்.

முதலில் நல்ல செய்தி. அமெரிக்கச் சிற்றூர்களில் பொதுப் பேருந்து இருப்பதே அரிது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் இந்த இரட்டை ஊர் அதற்கு விலக்கு. இங்கே எம்.டி.டி. என்று எல்லோரும் சொல்லும் போக்குவரத்து மாவட்டம் பேருந்துகளை நடத்துகிறது. மாணவர்கள் கட்டும் கட்டணத்திலேயே போக்குவரத்துக்கான தொகை சேர்ந்திருப்பதால், ஐ-கார்டு என்ற மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், பயணச்சீட்டு எடுக்க வேண்டியதில்லை. வெளியார் ஒரு முறை ஏற 1 டாலர் கொடுக்க வேண்டும். வளாகத்துக்குள் ஐ-ஸ்டாப் என்று குறிக்கப்பட்ட நிறுத்தங்களில் யாரிடமும் அட்டை கேட்பதே இல்லை.

தடங்களுக்கு எண்ணோடு பெயரும் உண்டு. 5 கிரீன், 12 டீல், 13 சில்வர், 22 இல்லினி என்று போகும். நிறத்தின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். வகுப்பு நடக்கும் வேலைநாட்களில் வளாகத்தின் நடுவே ஓடும் 22-க்கு நேர அட்டவணை பார்க்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஒன்றை விட்டால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும்.

இனி உங்கள் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். மாலை ஏறிய பின்பும், சனி ஞாயிறுகளிலும் அதே தடத்தின் எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியம் சேரும். 22 என்பது 220 ஆகும், 5 என்பது 50 ஆகும். அந்தச் சுழியம் சேர்ந்துவிட்டால் அது வேறு பேருந்து என்றே எண்ணிக்கொள்ளுங்கள்: இடைவெளி கூடும், சில தடங்களில் பாதையும் மாறும், சில தடங்கள் அந்த நேரத்தில் இருக்கவே இருக்காது. ஆகவே வீட்டைப் பார்க்கும்போது பகல் பேருந்தைப் பார்க்காதீர்கள். அந்த வீட்டுக்கு மிக அருகிலுள்ள நிறுத்தத்தில் ஞாயிறு இரவு எந்த வண்டி நிற்கிறது என்பதைப் பாருங்கள். தென்மேற்கு ஓரத்து வீட்டுக்கு இந்தச் சோதனையைச் செய்து முடித்துவிட்டு, பிறகு 220 டாலர் மிச்சத்தைப் பற்றிப் பேசுவோம்.

கணக்கப்பிள்ளை

முந்தைய பதிவர் பேருந்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். காரைப் பற்றிய கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "மிச்சமாகும் பணத்தில் கார்" என்ற வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் எழுதுகிறார். நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான்.

மாதம் 220 டாலர் என்றால் ஆண்டுக்கு 2,640 டாலர். இதில் இல்லினாய் மாநிலப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே ஆண்டுக்கு 151 டாலர். பெயர் மாற்றும் உரிமைப் பத்திரத்துக்கு ஒரு கட்டணம், தனியாரிடம் வாங்கினாலும் மாநிலத்துக்கு ஒரு வரி. பிறகு காப்பீடு. இந்த மாநிலத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீட்டை 25/50/20 என்று சொல்வார்கள்: ஒருவருக்குக் காயம் என்றால் 25,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்குமாக 50,000, பிறர் சொத்துச் சேதத்துக்கு 20,000. இது நீங்கள் இடித்தவருக்குப் போகும் பணம். உங்கள் காரைப் பழுது பார்க்க இதில் ஒரு காசும் வராது. இந்த நாட்டில் ஓட்டிய வரலாறு இல்லாத இளைஞர்களுக்கு மாதத் தவணை கூடுதலாகவே சொல்லப்படும். வீட்டில் நிறுத்துமிடத்துக்கு மாத வாடகை தனி, வளாகத்தில் நிறுத்த அனுமதிச் சீட்டு தனி. எரிபொருள், எண்ணெய் மாற்றுதல், டயர் ஆகியவற்றை நான் இன்னும் தொடவே இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படிப்பை முடித்து ஊர் மாறிய ஒருவரிடமிருந்து, பத்து ஆண்டு பழைய செடான் ஒன்றை மே மாதத்தில் வாங்கினேன். உள்ளே மல்லிகை மணம், வெளியே பளபளப்பு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள் என்பதும், அந்த உப்பு காரின் அடிவயிற்றை அரித்துத் தின்னும் என்பதும் எனக்குத் தெரியாது. பின் சக்கர வளைவின் உட்புறம் விரலை வைத்துத் தடவிப் பார்த்திருந்தால் கையில் துருப்பொடி வந்திருக்கும். நவம்பரில் புகைக்குழாய் அறுந்து சாலையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பழுது பார்த்தவர் அடியில் விளக்கடித்துக் காட்டியபோது, பிரேக் குழாயும் பழைய ஓலைப்பாயைப் போலச் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஷாம்பெய்ன் பக்கத்தில் கார்களுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை என்று எதுவும் கிடையாது. நம் ஊர் எஃப்.சி.யைப் போல யாரோ ஒருவர் பார்த்துத்தானே விட்டிருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. வாங்குமுன் நூறு டாலரோ கூடக்குறையவோ கொடுத்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரை உயரத்தில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, இது மிக முக்கியம். கார் வாங்கிவிட்டால் மாலையில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துச் செலவை ஈடுகட்டலாம் என்று சிலர் காதில் ஓதுவார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. வாடகை வண்டி ஓட்டுவதும் உணவு விநியோகமும் அதில் அடங்கும். வேறொருவர் கணக்கில் ஓட்டினாலும் குற்றம் குற்றமே. வளாகத்துக்குள் மட்டும், வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஒரு பழைய காருக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

சவாய்வாசி

கணக்கப்பிள்ளை ஐயாவின் கணக்கில் தவறில்லை, ஆனால் அது தனியாள் கணக்கு. நான் மனைவியோடும் மூன்று வயது மகனோடும் வந்தவன். முதலாண்டு காரில்லாமல் இருந்து பார்த்தோம். மனைவிக்கு மாணவர் அட்டை இல்லை; எம்.டி.டி.யில் ஆண்டு அட்டை வாங்கிக்கொண்டார், அது பெரிய செலவில்லை. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஞாயிறு இரவு மருத்துவரிடம் ஓட வேண்டியிருந்த அன்று, வாடகை வண்டிக்கு நாங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்ற பத்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. குழந்தை இருக்கை இல்லாமல் ஓட்டுநர் ஏற்ற மறுத்துவிட்டார். அவர் செய்தது சட்டப்படி சரியும்கூட. அடுத்த மாதமே கார் வாங்கினோம்.

கோடையையும் மறந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் விடுமுறையில் இருக்கும்போது பேருந்துகளும் குறைந்த அட்டவணைக்கு மாறும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஊரே காலியாகிவிடும். அந்த நேரத்தில் ஆய்வகத்துக்குப் போக வேண்டியவர்கள் முனைவர் பட்ட மாணவர்களும், ஊருக்குப் போகக் காசில்லாத நம்மைப் போன்றவர்களும்தான்.

வடக்குநாற்கட்டு

சவாய்வாசி அண்ணன் சொல்வது உண்மை. குடும்பத்தோடு வருபவருக்கு நானும் கார் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இழையைத் தொடங்கியவர் தனியாள் என்பதால் அவருக்கான பதிலைச் சொன்னேன்.

பனிக்காலப்பறவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வளாகத்தில் முதுநிலை முடித்தேன். ஆண்கள் எழுதும் கணக்குகளில் விட்டுப்போகும் ஒன்றை நான் சேர்க்கிறேன், தங்கை. இரவு பதினொன்றரைக்கு நூலகத்திலிருந்து வெளியே வரும்போது பேருந்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நிறுத்தத்திலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை தெருவிளக்கு என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நான் இருந்த முதல் வீட்டுக்கு நிறுத்தத்திலிருந்து ஏழு நிமிட நடை. பகலில் அது ஏழு நிமிடம்தான்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு, வந்த முதல் வாரமே எண்களைத் தொலைபேசியில் ஏற்றிவிடுங்கள். சேஃப்ரைட்ஸ் என்பது பேருந்து இல்லாத நேரத்தில், குறித்த எல்லைக்குள், தனியாகப் போகிறவர்களைக் கட்டணமின்றிக் கொண்டுபோய் விடும் எம்.டி.டி. சேவை. அந்த எல்லையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தென்மேற்கு ஓரத்து வீடு அதற்குள் வருகிறதா என்பது உங்கள் முடிவையே மாற்றக்கூடும். சேஃப்வாக்ஸ் என்பது வளாகத்தில் உங்களோடு ஒருவர் துணைக்கு நடந்துவரும் சேவை. கூச்சப்படாமல் கூப்பிட வேண்டும். நான் முதல் பருவம் முழுவதும் கூச்சப்பட்டேன்.

அடுத்தது குளிர். இந்த ஊர் சோளமும் சோயாவும் விளையும் தட்டையான நிலம். காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. 2019 ஜனவரி இறுதியில் துருவக் காற்று இறங்கியபோது சிகாகோவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 செல்சியஸ் வரை போனது, இங்கே வகுப்புகளையே நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நாள் அபூர்வம்தான். ஆனால் காற்றும் சேர்ந்த சாதாரண பிப்ரவரிக் காலையில், நிறுத்தத்தில் எட்டு நிமிடம் நிற்பதும் பதினெட்டு நிமிடம் நிற்பதும் ஒன்றல்ல. கையுறையைக் கழற்றித் தொலைபேசியில் பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்கும் அரை நிமிடத்தில் விரல் நுனி மரத்துவிடும். வீட்டுக்குள் இருக்கும்போதே பார்த்துவிட்டுக் கணக்காகக் கிளம்ப வேண்டும்.

இதையெல்லாம் வைத்துச் சொன்னால், முதலாண்டுக்கு 730 டாலர் வீடுதான். அந்தக் கூடுதல் 220 டாலரை வாடகைக் கணக்கில் எழுதாமல் போக்குவரத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்; அப்போது அது உறுத்தாது.

இருசக்கரப்பித்தன்

மிதிவண்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தட்டையான நிலம் என்பது பனிக்காலப்பறவைக்குக் குறை, எனக்கு வரம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் இறுதிவரையும், மார்ச் கடைசியிலிருந்து மீண்டும் மே வரையும் இந்த ஊரில் மிதிவண்டியைவிட வேகமான வாகனம் இல்லை, வளாகத்துக்குள் பேருந்தையும் முந்திவிடலாம். வளாகத்தில் உள்ள மிதிவண்டி மையத்தில் பழைய வண்டியை நாமே கழற்றிப் பூட்டக் கற்றுத் தருகிறார்கள். நான் என் வண்டியை அங்கேதான் பிறவி எடுக்க வைத்தேன். வளாகத்தில் வண்டியைப் பதிவு செய்துகொள்வது கட்டாயம். பூட்டு மட்டும் மலிவாக வாங்காதீர்கள்: கம்பிவடப் பூட்டை வெட்ட ஒரு நிமிடம் போதும், லாட வடிவ இரும்புப் பூட்டுதான் நிற்கும். பேருந்தின் முன்புறம் மிதிவண்டியை ஏற்றிக்கொள்ளும் தாங்கி இருக்கிறது, மழை வந்தால் வண்டியோடு வீடு திரும்பலாம். தாங்கியை இறக்கும் முன் ஓட்டுநரைப் பார்த்துக் கையைக் காட்டுங்கள், அதுதான் முறை.

நடத்துநர்மகள்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு நானும் அப்பாவும் உட்கார்ந்து எம்.டி.டி. அட்டவணையை அச்செடுத்துப் பார்த்தோம். அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியை மட்டும் வட்டமிட்டார். தென்மேற்கு வீட்டுக்கு அருகிலுள்ள நிறுத்தத்தில் ஞாயிறன்று வண்டிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருப்பதைக் கண்டதும், "இது டவுன் பஸ் இல்லை, மினி பஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வீடு வேண்டாம் என்று முடிவாயிற்று.

இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. சிகாகோ விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து வருவது எப்படி? பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிக்கொண்டு வருவது பயன் தருமா, அல்லது வீண் செலவா?

வடக்குநாற்கட்டு

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

ஓ'ஹேர் விமான நிலையத்திலிருந்து ஷாம்பெய்ன் ஏறத்தாழ 140 மைல், நம் கணக்கில் 225 கிலோமீட்டர். மூன்று வழிகள் உண்டு. விமான நிலையத்திலிருந்தே வளாகத்துக்கு நேரடியாக வரும் தனியார் பேருந்துகள் இருக்கின்றன. இரண்டு பெரிய பெட்டிகளோடு முதல்முறை வருகிறவருக்கு இதுவே நல்லது. முன்பதிவு செய்யும்போது விமானம் இறங்கும் நேரத்துக்கும் பேருந்துக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஆகஸ்டில் குடிவரவு வரிசை எவ்வளவு நீளும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ரயில். ஓ'ஹேரிலிருந்து நகர ரயிலின் நீலத் தடத்தில் கிளின்டன் நிறுத்தம் வரை வந்து, அங்கிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு யூனியன் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து, நாடு முழுவதும் பயணிகள் ரயில் நடத்தும் ஆம்ட்ராக்கின் இல்லினி, சலூக்கி, சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ் என்ற மூன்று ரயில்கள் ஷாம்பெய்ன் வழியாகப் போகின்றன. நாள் ஒன்றுக்கு மூன்றுதான், ஆகவே ஒன்றைத் தவறவிட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஷாம்பெய்னில் ரயில் நிற்கும் இல்லினாய் டெர்மினலிலேயே எம்.டி.டி. பேருந்துகளும் வந்து நிற்கும். போக்குவரத்துப் பிரிவில் சேரும் உங்களுக்கு ஓர் உபரித் தகவல்: தண்டவாளம் ஆம்ட்ராக்குக்குச் சொந்தமில்லை, சரக்கு ரயில் நிறுவனமான கனேடியன் நேஷனலுடையது. சரக்கு ரயிலுக்காகப் பயணிகள் ரயில் வயல்வெளியில் காத்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்றாவது, ஓ'ஹேரிலிருந்து, ஷாம்பெய்னை ஒட்டிய சவாயில் உள்ள வில்லார்ட் விமான நிலையத்துக்குச் சிறு விமானம். அது பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான விமான நிலையம். மொத்தப் பயணத்தையும் ஒரே சீட்டாக எடுத்தால் பெட்டிகள் கடைசிவரை வரும், சிகாகோவில் சுங்கச் சோதனைக்கு மட்டும் ஒருமுறை எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்பே வந்தால் பெட்டிகளோடு தங்க இடம் வேண்டும்.

சவாய்வாசி

ஓட்டுநர் அனுமதி பற்றி நான் சொல்கிறேன். பன்னாட்டு அனுமதியைக் கட்டாயம் வாங்கி வாருங்கள். நம் ஊர் ஆர்.டி.ஓ.வில்தான் வாங்க முடியும், இங்கே வந்த பிறகு கிடைக்காது. ஓராண்டு செல்லும். ஆனால் அது தனியாக உரிமம் ஆகாது. உங்கள் இந்திய உரிமத்தின் மொழிபெயர்ப்பைப் போன்றது, இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். இந்திய உரிமம் காலாவதியாகும் தேதியைப் பார்த்து, நெருங்கியிருந்தால் கிளம்பும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

கார் வாங்காவிட்டாலும் இல்லினாய் உரிமத்தை முதல் பருவத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. இங்கே குடியேறியவர் 90 நாட்களுக்குள் மாநில உரிமம் எடுக்க வேண்டும் என்பது விதி. எழுத்துத் தேர்வு எளிது. சாலைத் தேர்வுக்குக் காரை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும், அதற்குக் காப்பீட்டுச் சான்றும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் கார் தர மாட்டார்கள். முன்கூட்டியே நண்பர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

நம்மவர்கள் அந்தத் தேர்வில் தோற்பது பெரும்பாலும் ஓட்டத் தெரியாததால் அல்ல. நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில், யாருமே இல்லாவிட்டாலும், சக்கரம் முழுதாக நின்று பிறகு நகர வேண்டும். நாம் வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டே போய்விடுவோம். நான் முதல் முறை தோற்றது அதில்தான்.

நியூமார்க்பழையவர்

நான் அந்தத் துறையிலேயே படித்துவிட்டு இப்போது வேறு மாநிலத்தில் வேலை செய்கிறேன். இழை முழுவதையும் படித்தேன். எல்லோரும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் போக்குவரத்துப் பிரிவு என்றதும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அம்மா, உங்கள் ஆய்வு எந்தத் தலைப்பில்?

வகுப்புகள் எல்லாம் மேத்யூஸ் அவென்யூவில் உள்ள நியூமார்க் ஆய்வகத்திலும் சுற்றுப்புறக் கட்டடங்களிலும் நடக்கும். அதற்கு நீங்கள் எடுத்த வீடு பொருத்தமானது. ஆனால் சாலைத்தளம், தார்க்கலவை, கான்கிரீட் தளம் போன்றவற்றில் சோதனை செய்பவராக இருந்தால், இல்லினாய் போக்குவரத்து ஆய்வு மையத்தின் பெரிய சோதனைக்கூடங்கள் வளாகத்தில் இல்லை. அவை ரான்டூலில், முன்பு சனூட் விமானப்படைத் தளமாக இருந்து 1993-இல் மூடப்பட்ட இடத்தில் இருக்கின்றன. வளாகத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 மைல். நீங்கள் ஐ-கார்டைக் காட்டி ஏறும் நகரப் பேருந்துகளை நம்பி அங்கே ஆய்வு நடத்த முடியாது. தார்க்கலவையைச் சூடேற்றிச் சோதனை தொடங்கிவிட்டால், அது முடியும் நேரத்தை நீங்கள் தீர்மானிக்க மாட்டீர்கள், பேருந்து அட்டவணையும் தீர்மானிக்காது.

எங்கள் காலத்தில் குழுவில் கார் உள்ள இருவர் மற்றவர்களை ஏற்றிச் செல்வார்கள், எரிபொருளைப் பகிர்ந்துகொள்வோம். அந்த இருவரில் ஒருவர் பட்டம் பெற்றுப் போன பருவத்தில் மூன்று பேரின் ஆய்வு தடுமாறியது. கார் வாங்கலாமா வேண்டாமா என்பதை இந்த மன்றத்தில் கேட்பதைவிட, உங்கள் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் ரான்டூல், குழு எப்படிப் போய் வருகிறது. இப்படிக் கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை

இதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. என் கணக்கில் ஒரு பெரிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். ரான்டூல் வாரம் நான்கு நாள் என்றால், நான் மேலே எழுதிய பாதியை அழித்துவிட்டுப் படிக்கவும். துருவைப் பற்றியும் விசாவைப் பற்றியும் எழுதியது மட்டும் அப்படியே நிற்கட்டும்.

நடத்துநர்மகள்

ஒரு வாரம் தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பேராசிரியருக்கு எழுதினேன், இரண்டே நாளில் பதில் வந்தது. முதல் பருவத்தில் எனக்கு வகுப்புகள் மட்டுமே. ஜனவரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ரான்டூல் செல்ல வேண்டியிருக்கும். குழுவில் இப்போது நான்கு பேர் ஒரே காரில் போய் வருகிறார்களாம். ஐந்தாவது இடம் ஒன்று காலியாக இருக்கிறது, ஆனால் மே மாதம் அந்தக் கார்க்காரர் பட்டம் பெறுகிறார். அதற்குள் நான் மாநில உரிமம் எடுத்துவிட்டால் குழுவுக்கு உதவியாக இருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆகவே என் திட்டம் இதுதான். வளாகத்துக்கு அருகிலுள்ள வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். முதலாண்டில் கார் இல்லை. பன்னாட்டு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். செப்டம்பரிலேயே எழுத்துத் தேர்வு, பனி விழும் முன் சாலைத் தேர்வு. தேர்வுக்குக் கார் தர நண்பர் ஒருவர் வேண்டும் என்பதை இங்கேயே அறிவித்து வைக்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு குழுவுக்கு ஓட்டுநர் இல்லாமல் போனால், அந்த நேரத்தில் கார் வாங்குவதைப் பற்றி, சக்கர வளைவுக்குள் விரலை விட்டுப் பார்த்து, முடிவெடுப்பேன்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு, "ரான்டூலிலிருந்து திரும்பி வர, அந்தக் கார் பழுதாகிவிட்டால்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நியூமார்க்பழையவர்

உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: இல்லினி, சலூக்கி ரயில்கள் இரண்டும் ரான்டூலில் நிற்கும். வடக்கேயிருந்து வரும் ரயிலில் அங்கே ஏறினால் அடுத்த நிறுத்தமே ஷாம்பெய்ன், இறங்கிவிடலாம். ஆனால் எங்கள் குழு அதை நம்பியதில்லை. ஒருமுறை நடுச்சாலையில் வண்டி நின்றபோது, வளாகத்தில் இருந்த ஐந்தாவது ஆள் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களை ஏற்றிச் சென்றார். பேராசிரியர் எண்ணை மட்டும் வாங்கி வைக்காமல், அன்றைக்கு ரான்டூல் வராத மாணவர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

வடக்குநாற்கட்டு

சாலைத் தேர்வுக்கு என் காரை எடுத்துக்கொள்ளலாம் தங்கையே. காப்பீட்டு அட்டை முன் இருக்கைப் பெட்டியில்தான் இருக்கிறது. இடப்பக்கக் கதவின் கண்ணாடி மட்டும் கையால் இழுத்தால்தான் ஏறும், அதைத் தேர்வாளரிடம் முன்பே சொல்லிவிடலாம்.